அசையாத கால் வேண்டும்

கல்யாண வீட்டில் பந்தல்கால் நட்டதும் பெரியவர்கள் என்ன செய்வார்கள்? அந்தக் காலைப் பிடித்து ஒரு முறை ஆட்டிப் பார்ப்பார்கள். ஆடினால் மண்ணை இன்னும் இடித்துக் கெட்டிப்படுத்துவார்கள். ஆடாவிட்டால்தான் மேலே கூரை போடுவார்கள். இது பள்ளிக்கூடத்தில் படித்த பாடம் அல்ல. அனுபவம் சொல்லிக்கொடுத்த பாடம்.

மனிதனுடைய உடம்புக்குள்ளும் இன்று இப்படிக் கால் நடுகிறார்கள். தேய்ந்துபோன இடுப்பு மூட்டை எடுத்துவிட்டு, செயற்கை மூட்டைப் பொருத்துகிறார்கள். வலியால் படுத்த படுக்கையாகக் கிடந்த பாட்டி எழுந்து கோயிலுக்குப் போகிறாள். குடும்பமே மகிழ்கிறது. ஆனால் அந்த மூட்டைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்க்க முடியாது. அது தோலுக்கும் சதைக்கும் உள்ளே இருக்கிறது. அது உறுதியாக நிற்கிறதா, மெள்ள நழுவுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதைத் தெரிந்துகொள்ளும் முன்பே ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பொருத்தலாமா? இதுதான் கேள்வி.

ஆட்டுக்கல்லும் குழவியும்

இடுப்பு மூட்டு ஆட்டுக்கல்லைப் போன்றது. இடுப்பு எலும்பில் ஒரு குழி இருக்கிறது. தொடை எலும்பின் தலை பந்து போல் உருண்டு அந்தக் குழியில் பொருந்துகிறது. குழியில் குழவி சுழல்வது போல் அது சுழல்கிறது. இரண்டுக்கும் நடுவில் வழவழப்பான குருத்தெலும்பு உண்டு. அது தேய்ந்து விட்டால் எலும்போடு எலும்பு உரசும். வலி உயிரை வாங்கும்.

ஆபரேஷனில் டாக்டர் அந்தப் பந்தை வெட்டி எடுக்கிறார். தொடை எலும்பின் நடுவில் ஓர் உலோகத் தண்டை இறக்குகிறார். தண்டின் தலையில் புதிய பந்து. இடுப்புக் குழியில் புதிய கிண்ணம். இவை எலும்போடு பிடித்து நிற்பதற்கு ஒருவிதச் சிமெண்ட் வைப்பது உண்டு. எலும்பே வளர்ந்து கவ்விக்கொள்ளும்படி உலோகத்தைச் சொரசொரப்பாகச் செய்வதும் உண்டு.

நடக்கும்போது இந்த மூட்டின் மேல் உடம்பின் எடையைப் போல் சுமார் மூன்று மடங்கு பாரம் விழுகிறது. வருஷத்துக்குப் பத்து லட்சம் தடவை அப்படி விழுகிறது. முதல் நாள் உறுதியாக இருப்பது பெரிதல்ல. பத்தாம் வருஷமும் இருபதாம் வருஷமும் உறுதியாக இருக்க வேண்டும்.

முந்நூறு பேர் பட்ட துன்பம்

இங்கிலாந்தில் ரைட்டிங்டன் என்ற இடத்தில் ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே ஜான் சார்ன்லி என்ற டாக்டர் 1950-களின் கடைசியில் செயற்கை இடுப்பு மூட்டைப் பொருத்தி வந்தார். கிண்ணத்துக்கு அவர் தேர்ந்தெடுத்த பொருள் டெஃப்லான். இன்று ஒட்டாத தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அதே பொருள்தான். வழவழப்பானது. மூட்டுக்கு இதைவிட ஏற்றது வேறு உண்டோ என்று தோன்றியது. சுமார் 300 பேருக்குப் பொருத்தினார். வலி தீர்ந்து அவர்கள் நடந்தார்கள்.

இரண்டு மூன்று வருஷம் சென்றது. டெஃப்லான் தேய்ந்தது. தேய்ந்த தூள் மூட்டைச் சுற்றிச் சேர்ந்தது. உடம்பு அந்தத் தூளை எதிர்த்தது. அந்தப் போராட்டத்தில் பக்கத்தில் இருந்த எலும்பும் அரித்தது. மூட்டு தளர்ந்தது. மறுபடியும் கத்தி, மறுபடியும் படுக்கை.

சார்ன்லி இதை மூடி மறைக்கவில்லை. அந்தத் தூள் உடம்பில் என்ன செய்கிறது என்று பார்க்க, தம்முடைய தொடையிலேயே அதை ஏற்றிக்கொண்டார். கண்டதை 1963-ல் வைத்தியப் பத்திரிகையில் எழுதினார்.

அவரிடம் ஹாரி கிரேவன் என்ற தொழிலாளி வேலை பார்த்தார். மூட்டுகளைத் தேய்த்துப் பார்க்கும் யந்திரம் அவருடைய பொறுப்பில் இருந்தது. 1962-ல் ஒரு வியாபாரி, நெசவு யந்திரத்தின் பல்சக்கரத்துக்கு உபயோகமாகும் ஒரு பிளாஸ்டிக்கைக் கொண்டுவந்தார். பாலிஎத்திலீன் என்று அதற்குப் பெயர். சார்ன்லிக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவர் வெளியூர் போயிருந்த சமயம் கிரேவன் அதை யந்திரத்தில் மாட்டினார். யந்திரம் இரவு பகலாக ஓடியது. மூன்று வாரத்தில் அந்தப் பிளாஸ்டிக் தேய்ந்த அளவு, டெஃப்லான் ஒரே நாளில் தேய்ந்த அளவைவிடக் குறைவு! அந்த வருஷம் நவம்பரிலேயே சார்ன்லி அதைக் கொண்டு மூட்டுப் பொருத்தினார். அப்படிப் பொருத்திய மூட்டுகளில் சில 25 வருஷத்துக்கு மேலும் உழைத்தன.

அதன் பிறகும் அவர் அவசரப்படவில்லை. "நீங்கள் இறந்த பிறகு இந்த மூட்டைத் திருப்பித் தரவேண்டும்" என்று நோயாளிகளிடம் கேட்டுக்கொண்டார். எவ்வளவு தேய்ந்தது, எப்படிப் பிடித்திருந்தது என்று பார்ப்பதற்காக. பலர் சம்மதித்தார்கள். தங்களுக்குப் பின் வருகிறவர்கள் நன்றாக நடக்கட்டும் என்று நினைத்த நல்லவர்கள் அவர்கள்.

கடுகு போன்ற மணிகள்

ஆனால் ஒருவர் இறக்கும் வரையில் காத்திருப்பதா? மூட்டு தளர்ந்து வலி வரும்வரையில் காத்திருப்பதா? சாதாரண எக்ஸ்-ரே படத்தில், மூட்டு சில மில்லிமீட்டர் நகர்ந்த பிறகுதான் நகர்ந்தது என்று நிச்சயமாகச் சொல்ல முடியும். அதற்குள் காலம் கடந்துவிடும்.

இதற்கு வழி கண்டவர் ஸ்வீடன் நாட்டில் லுண்ட் நகரத்தைச் சேர்ந்த கோரான் செல்விக். 1974-ல் தம்முடைய முறையை வெளியிட்டார். முறை எளிதாகப் புரியக்கூடியதுதான். ஆபரேஷன் நடக்கும்போதே கடுகைவிடச் சிறிய உலோக மணிகள் சிலவற்றை எலும்பில் பதித்துவிடுகிறார்கள். டாண்டலம் என்ற உலோகம் அது. உடம்புக்குக் கெடுதல் செய்யாது. எக்ஸ்-ரேயில் பளிச்சென்று தெரியும். பிறகு இரண்டு பக்கத்திலிருந்து ஒரே சமயத்தில் இரண்டு எக்ஸ்-ரே படம் எடுக்கிறார்கள். இரண்டு கண்ணால் பார்ப்பதால் ஒரு பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிகிறது அல்லவா? அதே தத்துவம்தான். எலும்பிலுள்ள மணிகள் எங்கே, மூட்டு எங்கே என்று கணக்குப் போட்டு எழுதிக்கொள்கிறார்கள்.

ஆறு மாதம் கழித்தும், ஒரு வருஷம் கழித்தும், இரண்டு வருஷம் கழித்தும் அதே படம், அதே கணக்கு. மணிகளுக்கும் மூட்டுக்கும் நடுவே உள்ள தூரம் மாறினால் மூட்டு நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாகப் பிரித்து, அதில் ஒன்றிரண்டு பங்கு நகர்ந்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.

இவ்வளவு சின்ன நகர்வு ஒரு பொருட்டா? பொருட்டுத்தான் என்று ஸ்வீடன் டாக்டர்கள் 1994-ல் காட்டினார்கள். சிமெண்ட் வைத்துப் பொருத்திய 84 தண்டுகளை வருஷக்கணக்கில் அளந்தார்கள். முதல் இரண்டு வருஷத்தில் 1.2 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இறங்கிய தண்டு, பிறகு மறு ஆபரேஷனில் போய் முடிவதற்குப் பாதிக்கு மேல் வாய்ப்பு இருந்தது. அப்போது நோயாளிக்கு வலி இல்லாமல் இருக்கலாம். ஆனால் பந்தல்கால் ஆடத் தொடங்கிவிட்டது.

எல்லா மூட்டுக்கும் ஒரே கணக்கு இல்லை என்பதையும் சொல்லவேண்டும். இங்கிலாந்தில் எக்ஸ்டர் நகரத்தில் உருவான ஒரு தண்டு வழவழப்பாக, ஆப்பு போல் செய்யப்பட்டது. அது சிமெண்டுக்குள் சுமார் ஒரு மில்லிமீட்டர் இறங்கி இறுகிக்கொள்ளும். பல வருஷம் நன்றாக உழைக்கும். ஆகவே இறங்கியதா என்று கேட்டால் மட்டும் போதாது. இறங்கியது நின்றதா என்றும் கேட்க வேண்டும். ஓரிடத்தில் நின்றுவிட்டது உறவு. நிற்காமல் நகர்வது பகை.

ஒரு சோறு பதம்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். இந்த மணி முறைக்கு அது பொருந்தும். நுட்பமாக அளப்பதால், சில பத்துப் பேரிடம் பார்த்தாலே ஒரு புது மூட்டின் யோக்கியதை தெரிந்துவிடும்.

1990-களின் தொடக்கத்தில் டென்மார்க்கில் செய்த போன்லாக் என்ற புதுச் சிமெண்ட் விற்பனைக்கு வந்தது. பழைய சிமெண்டைவிடச் சூடு குறைவு, நெடி குறைவு என்றார்கள். கேட்பதற்கு நன்றாக இருந்தது. பல ஆஸ்பத்திரிகள் வாங்கின. ஸ்வீடனில் 30 இடுப்புகளில் மட்டும் அதைப் பழைய சிமெண்டோடு ஒப்பிட்டு, மணி முறையில் அளந்தார்கள். புதுச் சிமெண்ட் வைத்த மூட்டுகள் அதிகமாக நகர்ந்தன. நார்வே நாட்டின் பதிவுகளும் அதையே சொல்லின. 1995-ல் அந்தச் சிமெண்ட் கடையிலிருந்து மறைந்தது. ஆனால் அதற்குள் எத்தனையோ பேருடைய இடுப்பில் அது ஏறிவிட்டது. முதலில் முப்பது பேரிடம் அளந்துவிட்டுப் பிறகு விற்றிருந்தால், மற்றவர்களுக்கு அந்தத் துன்பம் நேர்ந்திராது.

பேரேடு பேசும்

மணி முறையை ஒவ்வொரு நோயாளிக்கும் செய்ய முடியாது. செய்யவும் வேண்டியதில்லை. அது புது மூட்டுக்கு முதல் சோதனை. சோதனையில் தேறிய மூட்டை எல்லாருக்கும் பொருத்திய பிறகு வேறொரு காவல் வேண்டும். அதுதான் பேரேடு.

மளிகைக்கடைக்காரர் பற்று வரவு எழுதுகிறார். அதைப் போல் ஸ்வீடனில் 1979 முதல் இடுப்பு மூட்டுக்குப் பேரேடு வைத்தார்கள். யாருக்கு, எந்த ஆஸ்பத்திரியில், எந்த மூட்டு, எந்தத் தேதியில் என்று எழுதினார்கள். மறு ஆபரேஷன் செய்தால் அதையும் எழுதினார்கள். நார்வே 1987-லும், ஆஸ்திரேலியா 1999-லும் தொடங்கின. எது நல்ல மூட்டு, எது மட்டம் என்று ஏடு தானே சொல்லிவிட்டது.

பேரேட்டின் அருமையைக் காட்டியது ஏ.எஸ்.ஆர். என்ற மூட்டு. பந்து, கிண்ணம் இரண்டுமே உலோகம். உலோகத்தோடு உலோகம் உரசித் தூள் உதிர்ந்தது. சதையும் எலும்பும் கெட்டன. ஐந்து வருஷத்துக்குள் 100 பேரில் 12, 13 பேருக்கு மறு ஆபரேஷன் தேவைப்பட்டது. ஆஸ்திரேலியாவின் பேரேடு முன்கூட்டியே எச்சரித்தது. அங்கே 2009-ல் அது நிறுத்தப்பட்டது. 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதிலும் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் சுமார் 93,000 பேருக்குப் பொருத்தியாகிவிட்டது.

இந்தியாவிலும் சுமார் 4,700 ஆபரேஷன்களில் அந்த மூட்டை வைத்தார்கள். மத்திய சர்க்கார் அமைத்த நிபுணர் குழுவின் அறிக்கை 2018-ல் வெளியாயிற்று. படித்தவர்கள் திடுக்கிட்டார்கள். அவர்களில் சுமார் 3,600 பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை! மூட்டு கெட்டது ஒரு துன்பம். அது கெட்டது என்று சொல்வதற்குக்கூட ஆள் அகப்படவில்லை என்பது அதைவிடப் பெரிய துன்பம். பசுவுக்கும் காதில் எண் உண்டு. மனிதனுடைய எலும்பில் வைத்த மூட்டுக்குக் கணக்கு இல்லை.

செய்யவேண்டியது என்ன?

இதைப் படித்துவிட்டு யாரும் பயப்பட வேண்டாம். நன்கு சோதித்த மூட்டு பெரிய வரப்பிரசாதம். பல நாட்டுக் கணக்குகளைச் சேர்த்து 2019-ல் பார்த்தார்கள். 100 இடுப்பு மூட்டுகளில் 89 மூட்டுகள் 15 வருஷம் நின்றன. 58 மூட்டுகள் 25 வருஷமும் நின்றன. டாக்டர் வேண்டும் என்று சொன்னால் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டு வலியில் துடிக்க வேண்டியதில்லை.

ஆனால் மூன்று பேருக்குக் கடமை உண்டு. முதலாவது சர்க்கார். நம் நாட்டில் டாக்டர்களின் சங்கம் ஒன்று தானாக முன்வந்து பதிவேடு வைத்திருக்கிறது. பாராட்ட வேண்டியதே. ஆனால் விரும்பினால் எழுதலாம் என்ற ஏடு போதாது. மூட்டுப் பொருத்தும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் எழுதியே தீரவேண்டும் என்று சட்டம் வேண்டும். புது மூட்டு வந்தால், முதலில் சிலரிடம் நுட்பமாக அளந்து, அசையவில்லை என்று கண்ட பிறகே பலருக்கு என்ற கட்டுப்பாடும் வேண்டும்.

இரண்டாவது டாக்டர். புதியது எல்லாம் உயர்ந்தது அல்ல. பத்து வருஷம் உழைத்த பழைய மூட்டு, நேற்று வந்த பளபளப்பான மூட்டைவிட மேல். நோயாளி கேட்கா விட்டாலும் இதை அவரிடம் சொல்ல வேண்டும்.

மூன்றாவது குடும்பம். மூட்டு வரும் பெட்டியில் பெயரும் எண்ணும் அச்சிட்ட சீட்டு இருக்கும். ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பும்போது அந்தச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். வீட்டுப் பத்திரம் வைத்திருக்கும் பெட்டியிலேயே அதையும் வையுங்கள். வீடு மாறினால் ஆஸ்பத்திரிக்குப் புது விலாசத்தைத் தெரிவியுங்கள். வலி இல்லை என்றாலும், டாக்டர் சொன்ன காலத்தில் போய் எக்ஸ்-ரே எடுத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்து எழுந்ததும் முதல் சில அடிகளில் தொடையோ, தொடை இடுக்கோ வலித்தால் "வயசாகிவிட்டது" என்று விட்டுவிடாதீர்கள், உடனே காட்டுங்கள்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது பழமொழி. உறுதி தெரியாமல் பிறர் உடம்பில் காலை நடாதே என்பதையும் இனி அதோடு சேர்த்துக்கொள்ளலாம்.