கம்பி சுத்தத் தெரியுமா மக்கா?

ஆபிஸ்ல ஆணி அதிகம். அதான் ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பாக்க முடியல. பொங்கல் லீவுக்காவது நிம்மதியா ஊருக்குப் போவோம்னு கடையத்துக்குப் பக்கத்துல பெரியப்பா வீட்டுக்குப் போனா, அங்க நிஜமாவே இரும்பு வேலை காத்துக்கிட்டு இருந்துச்சு.

பிசானம் பயிர் கதிர் பிடிக்கிற நேரம். மலையடிவாரத்துல வயல் வச்சிருக்கவங்களுக்குத் தெரியும், பன்னி ஒரு ராத்திரி உள்ள இறங்கினா விடியும்போது வயல் உழுது போட்ட மாதிரி கிடக்கும். அதனால சோலார் வேலி போடுறதா முடிவு. கல்லுக்கால் நட்டாச்சு, கம்பி வந்தாச்சு, இழுத்துக் கட்ட வேண்டியதுதான் பாக்கி. "நீ ஒரு முனையப் பிடிச்சுக்கிட்டு நடலே, நான் இங்க நிக்கேன்"ன்னார் பெரியப்பா. நடந்தேன். இருபதடி போறதுக்குள்ள கம்பி எட்டுப் போட்டு, அந்த எட்டு இறுகி முடிச்சாச்சு. நிமித்தப் போனேன். சட்டுனு விடுபட்டு உள்ளங்கையைக் கிழிச்சிருச்சு. மூணு தையல், ஒரு டிடி ஊசி.

"கம்ப்யூட்டரு படிச்சவனுக்குக் கம்பி சுத்தத் தெரியல பாரு"ன்னு ஊரே சிரிச்சுது. அவ்வ்வ்வ்...

கட்டுப் போட்ட கையோட திண்ணையில உக்காந்து யோசிச்சப்பதான் விஷயம் புரிஞ்சது. சுருளைத் தரையில அசையாம வச்சிட்டு ஒவ்வொரு வளையமா உருவினா, வளையத்துக்கு ஒரு முழு முறுக்கு கம்பியில ஏறிடும். ஐம்பது வளையம் உருவினா ஐம்பது முறுக்கு. அது எங்கேயாவது வெளிய வந்துதானே ஆகணும்? தோட்டத்து ஹோஸ் பைப்ல தினமும் பாக்கிற அதே சமாச்சாரம்தான். கம்பி நேரா வரணும்னா சுருள் சுத்தணும். முள்கம்பி கட்டுறவங்க ரோலுக்கு நடுவுல கடப்பாரையைச் சொருகி, ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கிட்டு நடக்கிறது இதுக்குத்தான். வெறும் ஜிஐ கம்பி உருளை இல்லாத சுருளா வர்றதால அந்த வித்தை இங்க பலிக்காது.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பண்ணைகள்ல இதுக்குன்னே ஒரு கைக்கருவி இருக்கு. நட்டுக்குத்தலா ஒரு அச்சு, அதுமேல சுத்துற நாலு கை, சுருள் நழுவாம இருக்க நாலு குச்சி, அப்புறம் ஒரு பிரேக். அந்த பிரேக் முக்கியம். நடக்கிற ஆள் நின்னதும் சுருள் நிக்காது, பாட்டுக்குச் சுத்திக் கம்பியைக் கொட்டிரும். இதுக்குப் பேரு ஸ்பின்னிங் ஜென்னி. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்துல வந்த நூல் நூற்கிற மெஷினோட அதே பேரு. இதைப் படிச்சதும் சிரிப்பு வந்துருச்சு. எங்க ஊர்ல இருந்து கொஞ்ச தூரத்துல இருக்கிற வீரவநல்லூர்ல, ராட்டையில தார் சுத்துற ஆச்சிகளைக் கேட்டிருந்தா கழி சுத்தினாத்தான் நூல் சிக்காம வரும்னு அப்பவே சொல்லியிருப்பாங்க. எனக்கு இன்ஜினியரிங் டிகிரியும் மூணு தையலும் தேவைப்பட்டுச்சு.

கம்பி விரிக்கிற கஷ்டத்தைவிட என்னை அதிகமா உறுத்துறது அதைத் திரும்பச் சுத்துறதுதான். கொஞ்சம் கணக்கு போடுவோம். ஒரு ஏக்கர் சதுரமா இருந்தா சுற்றளவு சுமார் 255 மீட்டர். நாலு வரிசை கட்டினா ஒரு கிலோமீட்டர் கம்பி. 12 கேஜ்னா கிட்டத்தட்ட 43 கிலோ. அறுப்பு முடிஞ்சதும் இதைக் கையால சுத்தி எடுக்க யாருக்குப் பொறுமை இருக்கு? வெட்டி வரப்போரமா வீசிடுறாங்க. மாடு காலை விட்டுக்கும், டிராக்டர்ல சிக்கும். அதைவிட மோசம், வீசின துண்டுல ஒருத்தன் மலைக்குப் போற தடத்துல சுருக்கு வைப்பான். இன்னொருத்தன் அதையே ராத்திரி ஈபி லைன்ல கொக்கி போட்டு வயலைச் சுத்தி ஓட்டுவான்.

சோலார் வேலியும் இந்தத் திருட்டு வேலியும் ஒண்ணில்ல. சோலார் வேலியில பல ஆயிரம் வோல்ட் இருந்தாலும், செகண்டுக்கு ஒரு தடவை மாதிரி கண்சிமிட்டுற நேரத்துக்கும் குறைவான துடிப்பாத்தான் வரும். உதறும், கொல்லாது. ஈபி லைன் விடாம ஓடும். தொட்டவன் கதை முடிஞ்சது. 2023 மார்ச்ல தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கத்துல மூணு பெண் யானை அப்படித்தான் செத்துச்சு. ரெண்டு குட்டி தாயில்லாம நின்னுச்சு. அதே வருஷம் மின்வேலிகளைப் பதிவு செய்யணும்னு அரசு விதி கொண்டு வந்தது. நல்ல விதிதான், மறுக்கல.

2025 ஜனவரியில காட்டுப்பன்னியைச் சுட அரசு அனுமதி கொடுத்ததே, பிரச்சினை தீர்ந்துச்சேன்னு சிலர் கேப்பீங்க. காட்டு எல்லையில இருந்து 3 கிலோமீட்டர் தாண்டினாத்தான் அது, அதுவும் வனத்துறைதான் சுடணும். 1988-ல் களக்காடும் முண்டந்துறையும் சேர்ந்து புலிகள் காப்பகமான மலையோட காலடியில வயல் வச்சிருக்கவங்களுக்கு வேலியை விட்டா வேற நாதி கிடையாது.

அதனால என் கட்சி இதுதான். வேளாண் பொறியியல் துறை டிராக்டரை வாடகைக்கு விடுது, வேலிக்கு மானியமும் கொடுத்திருக்கு. ரெண்டு பேர் தூக்கிட்டுப் போற ஒரு கம்பி சுத்துற மெஷினையும் அந்த வாடகைப் பட்டியல்ல சேர்த்தா என்ன? மோட்டார் வேண்டாம், கரண்டு வேண்டாம். சுத்தி எடுக்கிறது சுலபம்னா கம்பி வீட்டுக்கு வந்துரும், அடுத்த பிசானத்துக்கும் ஆகும்.

"இதெல்லாம் ஒரு மெஷினா?"ன்னு பெரியப்பா கேட்டார். பழைய இரும்புக் கடையில ஒரு ஆட்டோ வீல் ஹப், வெல்டிங் பட்டறையில அரை நாள், கைப்பிடிக்கு ஒரு குழாய். சுத்தின சுருளை உருவி எடுக்க ஒரு குச்சி மட்டும் கழட்டுற மாதிரி வச்சேன். பிரேக்குக்குப் பழைய சைக்கிள் டயர்த் துண்டு. முதல் தடவை பிரேக் பிடிக்காம கம்பி கொட்டிருச்சு, டயரை இறுக்கிக் கட்டினப்புறம் சரியாச்சு. இன்னொண்ணும் கத்துக்கிட்டேன்: திரும்பச் சுத்தும்போது கம்பியை இழுக்கக் கூடாது, செடில மாட்டும். மெஷினைத் தூக்கிட்டுக் கம்பியை நோக்கி நாமதான் போகணும்.

மாசியில அறுப்பு முடிஞ்சு பெரியப்பா போன் பண்ணார். "ஏலே, கம்பி பூராவும் மச்சுல ஏறிட்டு. அந்த மெஷின மேலத்தெருக்காரன் கேக்கான், குடுக்கவா?"

குடுங்கன்னேன். திரும்பி வருமான்னுதான் தெரியல :-)