வர்ம்ஸ் ஹெட்டுக்கு கேட் போடணுமா?

வேல்ஸ் பக்கம் கௌவர் தீபகற்பத்துக்குப் போய்ட்டு வந்த நண்பர் ஒருத்தர் போன வாரம் போனில் பொங்கித் தள்ளிட்டார். "இவ்ளோ ஆபத்தான இடம், ஒரு கேட் இல்ல, ஒரு வாட்ச்மேன் இல்ல. பலகைய நட்டுட்டு விட்டுட்டாங்க. இதையே நம்ம ஊர்ல செஞ்சா எப்படி பேசுவோம்?" என்கிறார். அவர் சொன்ன இடம் வர்ம்ஸ் ஹெட். எனக்கு அவர் கட்சி சுத்தமா ஒத்துவரலை. போனில் சண்டை போட்டது பத்தாதுன்னு இந்தப் பதிவு.

போகாதவங்களுக்காக கொஞ்சம் முன்கதை. ரோசிலி கிராமத்துக்கு மேற்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டு கிடக்கிற பாறை முனை அது. பேரில் இருக்கிற 'வர்ம்' புழு இல்லை, பழைய மொழியில் பாம்பு, டிராகன் மாதிரி ஒரு ஜந்து. மூன்று திமிலோடு தலையைத் தூக்கிக்கிட்டு கடலுக்குள் போற பாம்பு மாதிரியேதான் இருக்கும். கார் நிறுத்துற இடத்திலிருந்து கடலோர மேட்டு வழியா ஒன்றரை கிலோமீட்டர் சொகுசான நடை. அதுக்கப்புறம்தான் வேடிக்கை. கரைக்கும் முனைக்கும் நடுவில் இருக்கிற பாறைத்தளம், கடல் வற்றினால்தான் வெளியே தெரியும். பாதைன்னு ஒண்ணும் கிடையாது. கூரான பாறை, சிப்பி, வழுக்குற பாசி, குட்டை குட்டையா தண்ணி. குழந்தைகளோடு போனால் கடக்கவே அரை மணி நேரம் ஆகும்.

விதி ஒண்ணுதான். கடல் அடிவற்று தொடும் நேரத்துக்கு இரண்டரை மணி முன்னாடி திறக்கும், இரண்டரை மணி பின்னாடி மூடும். ஆக மொத்தம் 5 மணி நேரம். தவறவிட்டால் அடுத்த வழி திறக்க கிட்டத்தட்ட ஏழரை மணி நேரம் தீவுவாசம்.

இதில் நம்மாளுங்க ஏன் மாட்டுறாங்கன்னு யோசிச்சேன். நாம கடல் பார்க்காத ஜனம் இல்லை. ஆனா நாம பார்த்த கடல் வேற. மெரினாவில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் வித்தியாசம் அமாவாசை, பௌர்ணமியிலேயே ஒரு மீட்டரை ஒட்டித்தான். ஓதம்னு பூகோளப் புத்தகத்தில் படிச்சோம், ரெண்டு மார்க் கேள்வி, முடிஞ்சது. கௌவர் இருப்பதோ பிரிஸ்டல் சேனல் வாசலில். புனல் மாதிரி போகப் போக குறுகுற கடல். அட்லாண்டிக் தண்ணி உள்ளே வர வர ஒடுங்கி உயரும். கௌவர் கரையில் பெரிய ஓதங்களில் 8 மீட்டர் வித்தியாசம், இன்னும் உள்ளே போனால் ஏவன்மவுத்தில் 14 மீட்டர் வரை. நம்ம நாட்டிலும் இந்த சமாச்சாரம் உண்டு. குஜராத்தில் பாவ்நகர் பக்கம் கடலுக்குள் இருக்கிற நிஷ்களங்க் மகாதேவ் கோயிலுக்கு வற்று நேரத்தில்தான் நடந்து போக முடியும். அங்கே காம்பாத் வளைகுடாவும் புனல்தான்.

இதைவிட முக்கியமான விஷயம், கடல் ஒரே வேகத்தில் ஏறாது. பழைய மாலுமிகள் கணக்கு ஒண்ணு இருக்கு. ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணி நேரம் 1 பங்கு, அடுத்து 2, அப்புறம் 3, 3, 2, 1. எட்டு மீட்டரில் போட்டுப் பாருங்க. முதல் மணியில் முக்கால் மீட்டர்கூட இல்லை. "என்னங்க, தண்ணி அப்படியேதானே இருக்கு" என்று உட்கார்ந்து புளிசாதம் பிரிப்போம். மூணாவது, நாலாவது மணியில் ஆளுக்கு 2 மீட்டர்! அதாவது வழி மூடுற இரண்டரை மணி என்பது கடல் முழுவேகத்தில் ஓடிவருகிற நேரம். அஞ்சு நிமிஷம் லேட்டுன்னா அஞ்சு நிமிஷத் தண்ணிதானேன்னு நினைக்கிற கணக்கு அங்கேதான் உதைக்குது. ரெண்டு பக்கத்திலிருந்தும் அலை வந்து நடுவில் மோதும் இடம் வேற.

சரி, கேட் விஷயத்துக்கு வர்றேன். கேட் போட்டா யார் பூட்டுறது? பூட்டும்போது உள்ளே இருக்கிறவன் கதி? அதைவிடப் பெரிய ஆட்சேபம், கேட் திறந்திருந்தா ஜனம் கடலைப் பார்க்காது, கேட்டைத்தான் பார்க்கும். இப்போ கரையில் ஒரு கண்காணிப்புக் கூடம் இருக்கு. தன்னார்வலர்கள் உட்கார்ந்து, அன்னிக்கு எத்தனை மணிவரை கடக்கலாம்னு எழுதி வைக்கிறாங்க. படிக்க ஒரு நிமிஷம் ஆகாது. படிக்காதவன் பூட்டையும் தாண்டுவான், மனுஷன் அப்படி.

நண்பரிடம் நான் கேட்டது வேற. "மாட்டிக்கிட்டா என்ன செய்வீங்க?" உடனே பதில், "முட்டியளவு தண்ணின்னா இறங்கி ஓடிவந்துடுவேன்." இதுதாங்க ஆளைக் கொல்றது! தீவில் உட்கார்ந்திருக்கிறதைவிட இறங்குறதுதான் பெரிய ஆபத்து. வழி மூடிட்டா பேசாம மேலே ஏறி, புல்லில் உட்காரணும். 999க்கு போன் போட்டு கோஸ்ட்கார்டைக் கேட்கணும். வெட்கப்பட இதில் ஒண்ணும் இல்லை. டிலன் தாமஸின் 1940 சிறுகதைத் தொகுப்பில்கூட ரெண்டு பசங்க இங்கே நடந்து வந்து ஓதத்தில் மாட்டுற கதை இருக்கு. கவிஞருக்கே அந்த இடம் அப்படித்தான் மனசில் நின்னிருக்கு.

போக நினைக்கிறவங்களுக்கு என் யோசனை: வழி திறந்ததும் முதல் ஆளா போங்க. பெரும்பாலானவங்க அடிவற்று நேரத்துக்கு வந்து சேர்றாங்க, அப்போ பாதி நேரம் ஏற்கனவே காலி. என் கணக்கில் அடிவற்று ஆனதுமே திரும்ப வேண்டியதுதான். ஓத அட்டவணை பார்க்கும்போது அது கிரீன்விச் நேரமா, கோடை நேரமான்னு பாருங்க, ஒரு மணி நேரம் அங்கேயே பறிபோகும். நேற்றைய நேரத்தை இன்னிக்கு வச்சுக்காதீங்க, தினமும் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளும்.

இன்னொரு சங்கதி, நம்ம தினசரி காலண்டர் இங்கே உதவும்! இந்தக் கரையில் அமாவாசை, பௌர்ணமி கழிஞ்சு ஓரிரு நாளில்தான் பெரிய ஓதம், அப்போ அடிவற்று மதியம் 12லிருந்து 2 மணி வாக்கில் வரும். அஷ்டமியை ஒட்டிப் போனால் காலையிலும் சாயங்காலமும்தான். ஊரிலிருந்து வந்த காலண்டரை சமையலறையில் மாட்டி வச்சு, 'பிரதமை, துவிதியையில் சனிக்கிழமை வருதா'ன்னு நான் தேடுறதைப் பார்த்து, பகுத்தறிவு என்னாச்சுன்னு வீட்டில் கிண்டல். :-) தேதி குறிக்க மட்டும்தான் காலண்டர், நேரம் குறிக்க அட்டவணையும் பலகையும்தான்.

அப்புறம் மதிய வற்றிலும் ஒரு வம்பு இருக்கு. 1 மணிக்கு அடிவற்றுன்னா மூன்றரைக்கு மூடும், மறுபடி திறக்கும்போது ராத்திரி 11. அந்தப் பாசிப் பாறையில் கும்மிருட்டில் இறங்கி நடக்கிறதை யோசிச்சுப் பாருங்க. அதனால்தான் 'மாட்டினா அடுத்த வற்றுக்கு நடந்துடலாம்' என்பதைக்கூட நான் திட்டமா ஏத்துக்க மாட்டேன்.

டிஸ்கி: கடைசித் திமிலில் கடற்பறவைகள் கூடு கட்டுறதால மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை அங்கே ஏறக்கூடாது. நடுவில் இருக்கிற பாறைப் பாலம் வரை பார்த்துட்டுத் திரும்பலாம். நேரம் மிச்சமிருந்தா ரோசிலி கடற்கரையில் இறங்குங்க, 1887ல் கரை தட்டின ஹெல்வீஷியா என்ற கப்பலின் விலா எலும்பு மணலில் நீட்டிக்கிட்டு நிக்கும். அதைப் பார்க்கவும் கடல் வத்தியிருக்கணும்.