வரத் தெரிந்தவனுக்குப் போகத் தெரியாதா?

வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் ஏற மறுத்தாலும் சரி, ஏறியது இறங்க மறுத்தாலும் சரி, வீட்டில் எல்லோரும் முதலில் நம்மைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள். "தாத்தா, நீங்க எதையோ அமுக்கிட்டீங்க" என்று பேரன் தீர்ப்புச் சொல்லிவிடுவான். மேல்முறையீடு கிடையாது. கடைக்காரப் பையனும் அதே தீர்ப்பை "சார்" போட்டுச் சொல்வான். நம் வயதுக்காரர்களும் "நமக்கு இதெல்லாம் எங்கே வரப்போகுது" என்று தலையை ஆட்டிக்கொள்கிறார்கள். எனக்கு இதில் துளிகூட உடன்பாடு இல்லை. பெரும்பாலும் குற்றம் அந்தப் புரோகிராமைச் செய்து விற்றவனுடையது.

நான் ஒரு நூற்பாலையின் ஸ்டோர்ஸில் 31 வருடம் இருந்தவன். ஒரு பெட்டி பேரிங் உள்ளே வந்தால் ரசீது, பின் கார்டில் பதிவு. வெளியே போனால் கேட் பாஸ். எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பிக் கேட்டாலும் சொல்லியாக வேண்டும்.

ஒரு புரோகிராம் விண்டோஸில் ஏறும்போது என்ன செய்கிறது தெரியுமா? பெரிய மூட்டையைப் புரோகிராம் பைல்ஸ் என்ற போல்டரில் வைக்கிறது. கொஞ்சத்தைப் புரோகிராம் டேட்டாவில், கொஞ்சத்தை ஆப் டேட்டாவில் வைக்கிறது. இந்த இரண்டும் சாதாரணமாக நம் கண்ணில் படாதபடி மறைத்து வைக்கப்பட்டிருக்கும். பிறகு ரெஜிஸ்ட்ரி என்ற பேரேட்டில் பல வரிகளை எழுதுகிறது. மெஷினை ஆன் செய்தவுடன் தானும் எழுந்துகொள்ள ஏற்பாடு செய்துகொள்கிறது. ஒரு பையோடு வந்த விருந்தாளி, சோப்பைக் குளியலறையிலும் வேட்டியைப் பூஜை அறையிலும் மிச்சத்தைப் பரணிலும் வைத்த கதை. சரி, வைக்கட்டும். ஆனால் வைத்தவனுக்குத்தானே எங்கே வைத்தோம் என்று தெரியும்? கிளம்பும்போது எடுத்துக்கொண்டு போவது அவன் வேலையா, வீட்டுக்காரன் வேலையா? நாம் எழுதிய கடிதம், கணக்கு முதலியவற்றைத் தொடாமல் விட்டுவிட்டுப் போவது நியாயம். அதை நான் குறை சொல்லவில்லை.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். புது மெஷினோடு வரும் இலவச ஆன்டிவைரஸுக்கு முப்பது நாள் என்று வைத்துக்கொள்வோம். முப்பத்தோராம் நாள் பணம் கேட்டு நச்சரிக்கிறது. நீக்கப் போனால், "நிச்சயமாகவா?" "ஏன் எங்களை விட்டுப் போகிறீர்கள்?" என்று ஆயிரம் கேள்வி. கடைசியில் போய்விட்டது என்று பார்த்தால் இன்டர்நெட் வேலை செய்யாது. காரணம் ஒன்றும் மாயமில்லை. வந்து போகும் தகவலைச் சோதிக்க அது வழியில் ஒரு வடிகட்டியைப் பொருத்தியிருந்தது. அதைக் கழற்றாமல் கிளம்பிவிட்டது. இதற்கென்றே பெரிய ஆன்டிவைரஸ் கம்பெனிகள் பல, தனியாக ஒரு நீக்கும் கருவியை இன்டர்நெட்டில் வைத்திருக்கின்றன. தங்கள் அன்இன்ஸ்டால் பட்டன் முழுதாக வேலை செய்யாது என்று அவர்களே எழுதிக் கொடுத்த வாக்குமூலம் இல்லையா இது? அதை இறக்கிக்கொள்ள இன்டர்நெட் வேண்டும் என்பது தனி வேடிக்கை!

அடுத்து அந்த எண்கள். 1603 என்று வரும். "இன்ஸ்டாலேஷனில் கடுமையான பிழை" என்பதற்கு மேல் அதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது. டாக்டரிடம் போனால் "உங்களுக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்லி பீஸ் வாங்குவது மாதிரி. 1605 இன்னும் மோசம். பட்டியலில் பெயர் இருக்கும், நீக்கச் சொன்னால் அப்படியொரு புரோகிராமே இங்கே இல்லை என்று அதே மெஷின் சொல்லும். 1618 ஒன்றுதான் கொஞ்சம் யோக்கியமானது. வேறொரு இன்ஸ்டாலேஷன் நடந்துகொண்டிருக்கிறது, பொறு என்கிறது. பொறுத்திருந்தோ ரீஸ்டார்ட் செய்தோ பார்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கம்பெனிகள் தவறு செய்யாதா என்று கேட்பவர்களுக்கு இரண்டு உதாரணம். 1998 கடைசியில் பங்கி என்ற அமெரிக்கக் கம்பெனி 'மித் 2' என்ற விளையாட்டை வெளியிடும் சமயம், அதன் நீக்கும் பகுதியில் ஒரு கோளாறு தெரிய வந்தது. விளையாட்டை டிரைவின் முதல் மட்டத்திலேயே நேராக ஏற்றியிருந்தால், நீக்கும்போது அந்த டிரைவில் உள்ள எல்லாவற்றையும் சேர்த்து அழித்துவிடும். நல்லவேளை, தயாரான பெட்டிகளைத் திரும்பப் பெற்றுத் திருத்திக் கொடுத்தார்கள். அந்த நாணயத்தைப் பாராட்டுகிறேன். 2005-ல் சோனி பிஎம்ஜி விற்ற சில பாட்டு சிடிக்களைக் கம்ப்யூட்டரில் போட்டால், ஒரு புரோகிராம் உள்ளே போய்த் தன்னை மறைத்துக்கொண்டது. ஊர் சிரித்த பிறகு அதை நீக்க ஒரு கருவி கொடுத்தார்கள். அந்தக் கருவியே திருடன் நுழைய இன்னொரு கதவைத் திறந்து வைத்தது. இதில் எந்தத் தாத்தா எதை அமுக்கினார்?

இவர்கள் செய்த குளறுபடிக்கு நம் ஊர்க் கடைகள் கண்டுபிடித்திருக்கும் ஒரே மருந்து பார்மட். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தும் வைத்தியம். எங்கள் வீதியில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருக்கிறார். பிரிண்டர் புரோகிராம் ஒன்று பாதியில் நின்று, ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கடைக்குக் கொண்டுபோனார். "ஓஎஸ்ஸே போயிருச்சுங்க சார், பார்மட் போட்டுத்தான் ஆகணும். டி டிரைவ்ல இருக்கிறதெல்லாம் அப்படியே இருக்குமுங்க" என்றிருக்கிறான் பையன். அவர் தலையாட்டினார். இறந்துபோன அவர் மனைவியின் போட்டோக்கள் டெஸ்க்டாப்பில் ஒரு போல்டரில் இருந்தன. டெஸ்க்டாப் என்பது சி டிரைவில் இருக்கிறது என்று வாத்தியாருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? சொல்ல வேண்டியவன் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தான். பிரிண்டர் இப்போது நன்றாக வேலை செய்கிறது. பிரிண்ட் எடுக்க நினைத்த படங்கள்தான் இல்லை. கடையில் வருத்தம் தெரிவித்தார்களாம். பார்மட்டுக்கான பணத்தையும் மறக்காமல் வாங்கிக்கொண்டார்களாம்.

ஆகையால் கடைக்கு மெஷினைத் தூக்குமுன் ரீஸ்டார்ட் செய்து ஒரு முறை பாருங்கள். கண்ட்ரோல் பேனலில் புரோகிராம் பட்டியலைத் தேதி வாரியாக அடுக்கினால் கடைசியாக உள்ளே வந்தவன் யார் என்று தெரியும். சிஸ்டம் ரீஸ்டோர் ஆன் ஆகியிருந்தால் முந்தின தேதிக்குத் திரும்பலாம், உங்கள் போட்டோ, கடிதங்களை அது தொடாது. அப்படியும் முடியாமல் கடைக்குப் போனால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தப் புரோகிராமை நீக்கிப் பார்த்தாய்? என்ன எண் வந்தது? டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் நான்கையும் காப்பி எடுத்ததை என் கண்ணால் பார்க்கலாமா? பையன் முகம் சுளித்தால் மெஷினை மூடி எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் கடைக்கா பஞ்சம்?