நெஞ்சுவலியும் முந்நூற்றறுபது நிமிடங்களும்

தா.பழூர்ப் பக்கத்தில் வயல்வேலை முடித்துத் திரும்பும் ஒருவருக்கு மாலையில் நெஞ்சு இறுகினால், வீட்டார் வாயில் முதலில் வரும் சொல் ‘வாயு’ என்பதே. ஓமநீர் வைத்துக் கொடுப்பர். சோடா வாங்கிவர ஒரு பையன் ஓடுவான். முதுகை நீவிவிட்டு, விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கவைப்பர். இதனை அறியாமை என்று ஏளனம் செய்தல் எளிது. வாயுத் தொல்லையும் மாரடைப்பும் தொடக்கத்தில் ஒன்றுபோலவே தோன்றக்கூடும் என்பதை மருத்துவர்களும் ஒப்புவர். ஆயினும், அந்த ஓர் இரவின் விலை என்ன என்பதை இதயநோய் ஆய்வுகள் எண்ணிக் காட்டியிருக்கின்றன. அவ்வெண்களைப் பெருநகர மருத்துவமனையின் கண்கொண்டு படித்தால் போதாது. கொள்ளிடக் கரையில் நின்றும் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

இதயத் தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் நாளம் உறைவினால் அடைபடும்போது, அதனை நம்பியிருந்த தசை சிறிது சிறிதாக மடிகிறது. எனவே மருந்தின் பயன் பெரிதும் நேரத்தைப் பொறுத்தது. 2008இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த ‘கிரியேட்’ என்னும் இந்தியப் பதிவாய்வு, 89 மருத்துவமனைகளில் 20,468 நோயாளிகளின் நிலையை ஆராய்ந்தது. வலி தோன்றியதிலிருந்து மருத்துவமனையை அடையும்வரை கழிந்த நேரத்தின் இடைநிலை அளவு 360 நிமிடங்கள். உள்ளே வந்தபின் உறைவைக் கரைக்கும் மருந்து ஏறுவதற்கு ஆனது 50 நிமிடங்கள். வாயிலுக்கு வெளியே கழிவது ஏழு மடங்கு! நாமோ அந்த ஐம்பது நிமிடங்களைப் பற்றியே ஓயாது பேசுகிறோம்.

அதே ஆய்வில் நெஞ்சை உறுத்தும் செய்தி இன்னொன்றும் உண்டு. முப்பது நாள்களுக்குள் இறந்தோர் செல்வரிடையே நூற்றுக்கு 5.5, வறியோரிடையே 8.2. பெற்ற சிகிச்சையின் வேறுபாட்டைக் கணக்கில் கொண்டபோது இந்த இடைவெளி மறைந்துவிட்டது. ஏழையின் இதயம் வேறு வகையானதன்று. அவனுக்குக் கிடைத்த மருத்துவமே வேறு.

மருந்து அரியதா எனில், அதுவும் இல்லை. 1988இல் வெளியான ‘ஐசிஸ்-2’ ஆய்வு 17,187 பேரை எடுத்துக்கொண்டு, ஆஸ்பிரினையும் ஸ்ட்ரெப்டோகைனேசையும் சோதித்தது. இரண்டும் பெறாதோரில் ஐந்து வாரங்களுக்குள் இதய, நாளக் காரணங்களால் நூற்றுக்குப் பதின்மூவர் இறந்தனர். இரண்டும் பெற்றோரில் எண்மர். சில காசுகளே விலையுள்ள மாத்திரைக்கு அத்தனை வலிமை! (இராசிவாரியாகப் பிரித்தால் மிதுன, துலா இராசியினருக்கு மட்டும் ஆஸ்பிரின் பயன்படாததுபோல் தோன்றுகிறது என்று அந்த ஆய்வாளர்களே எழுதினர். எண்களை அளவுக்கு மீறிக் கூறுபோட்டால் பொய்யும் மெய்போல் தோன்றும் என்று எச்சரிக்கவே அவ்வாறு செய்தனர்.) நம் மாநிலத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகியவற்றின் முதல் தவணையை ஆரம்ப, துணைச் சுகாதார நிலையங்களிலேயே கொடுக்கும் ‘இதயம் காப்போம்’ திட்டம் 2023இல் வந்தது. இடையே முப்பத்தைந்து ஆண்டுகள்.

தூரத்தையே ஆய்வுப் பொருளாகக் கொண்ட முயற்சியும் தமிழ்நாட்டில் நடந்ததுண்டு. மருத்துவர்கள் தாமஸ் அலெக்சாண்டர், அஜித் முல்லசாரி முதலியோர் 2012-13இல் நான்கு பெரிய மருத்துவமனைகளையும் 35 சிறிய மருத்துவ நிலையங்களையும் சக்கரத்தின் குடமும் ஆரமும் போல இணைத்தனர். சிறிய நிலையத்தில் ஈ.சி.ஜி. எடுத்து, உறைவைக் கரைக்கும் மருந்தை அங்கேயே செலுத்தி, பின்னர் ஆஞ்சியோகிராம் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது முறை. 2017இல் வெளியான முடிவின்படி, ஓராண்டுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 17.6 என்பதிலிருந்து 14.2 ஆகக் குறைந்தனர். முன்னும் பின்னும் ஒப்பிட்ட ஆய்வாதலால் முழுப் பெருமையையும் இம்முறைக்கே சூட்ட இயலாது. எனினும், புது மருந்து எதுவுமின்றி ஒழுங்கைக் கொண்டே நடத்திய முயற்சி இது. தா.பழூர் போன்ற ஊருக்கு வேண்டிய ஆராய்ச்சி இவ்வகையதே.

அரியலூரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அதன் ஆய்வுகள் மருத்துவமனைப் படுக்கையோடு நின்றுவிடாமல், படுக்கைக்கு வராத அந்த 360 நிமிடங்களைத் தேடி ஊர்களுக்குள் செல்ல வேண்டும். அப்பணியில் தமிழ்த்துறைக்கும் இடமுண்டு என்பேன். நோயறிதல் நோயாளியின் சொல்லில் தொடங்குகிறது. ‘நெஞ்சைக் கரிக்கிறது’, ‘அடைக்கிறது’, ‘பாரம் வைத்தாற்போல் இருக்கிறது’, ‘தோள்பட்டை கடுக்கிறது’, ‘என்னவோ மாதிரி வருகிறது’ என்பன ஒரே பொருளுடையன அல்ல. பெண்களுக்கும் நீரிழிவு நோயினர்க்கும் வலியே இல்லாமல் மூச்சுத் திணறலும் வியர்வையும் மட்டும் தோன்றுவதுண்டு. முதல் ஈ.சி.ஜி. சீராக இருந்தும் பின்னர் மாரடைப்பு உறுதியாவதுண்டு. ஆகவே எந்தச் சொல்லைக் கேட்டால் உடனே 108ஐ அழைக்க வேண்டும் என்று வட்டார வழக்கிலிருந்தே ஒரு பட்டியல் திரட்டலாம். சொல்லாய்வு கற்ற நம் மாணவர்க்கு இது புதிய வேலையன்று.

தமிழ்நாட்டு ஆய்வில் இடம்பெற்ற 2,420 பேரில் பெண்கள் 386 பேரே. மற்றப் பெண்களுக்கு இந்நோய் வரவில்லையா, வந்தும் அவர்கள் வாய்திறக்கவில்லையா, திறந்தும் வீட்டார் வண்டி வைக்கவில்லையா? மருத்துவமனைப் பேரேட்டில் இதற்கு விடை கிடையாது. தா.பழூர்த் திண்ணைகளில் அமர்ந்து கேட்டால் கிடைக்கக்கூடும்.