சிறிய பைனாகுலரா, பெரிய பைனாகுலரா?

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலிலிருந்து சகோதரி ஒருவர் எழுதியுள்ளார். ஏழாம் வகுப்பில் பயிலும் அவருடைய மகளுக்கு ஏரிக்கரைப் பறவைகளைப் பார்ப்பதில் பேரார்வம். கைப்பையில் அடங்கும் சிறிய பைனாகுலர் வாங்குவதா, கழுத்தில் தொங்கவிடும் பெரியதை வாங்குவதா என்று கேட்கிறார். ஒருமுறைதான் வாங்க இயலும்; பணம் வீணாகிவிடக் கூடாது என்ற அவருடைய கவலை நியாயமானதே.

பைனாகுலரின் மீது 8 × 25, 8 × 42 என இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண், உருவம் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பதைக் குறிக்கும். இரண்டாவது எண், முன்புற வில்லையின் விட்டத்தை மில்லிமீட்டரில் கூறும். மேற்கண்ட இரண்டுமே எட்டு மடங்குதான். ஆயினும் 42 வில்லை, 25 வில்லையைவிட ஏறத்தாழ 2.8 மடங்கு ஒளியை உள்வாங்கும்.

இரண்டாம் எண்ணை முதல் எண்ணால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். சிறியதில் அது 3 மில்லிமீட்டர். பெரியதில் 5 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். நண்பகலில் நம் கண்மணி 2 அல்லது 3 மில்லிமீட்டராகச் சுருங்கியிருப்பதால் சிறியதே போதும். ஆனால் பறவைகள் சுறுசுறுப்பாக இரை தேடுவது சுப்ஹுக்குப் பிந்திய காலையிலும் மஃரிபுக்கு முந்திய மாலையிலும் அன்றோ? அந்த மங்கிய ஒளியில் கண்மணி விரிந்துவிடும். நாணற்புதரில் ஒதுங்கிய பழுப்பு நிறப் பறவை, சிறிய கருவியில் நிழலாகவே தெரியும். மேலும், சிறியதில் கண் சற்று விலகினாலும் காட்சி இருண்டுவிடும்.

பெரியதன் குறை அதன் எடை. சிறியது 250 முதல் 350 கிராம் வரை இருக்கும். பெரியது 600 முதல் 800 கிராம் வரை இருக்கும். பிள்ளையின் கழுத்து வலித்தால், எத்தனை சிறந்த கருவியும் அலமாரியில்தான் உறங்கும். ஆகவே இச்சிறுமிக்கு இடைப்பட்ட 8 × 32 பொருத்தமானது. எடை சுமார் 500 கிராம். ஒளிக்கற்றை 4 மில்லிமீட்டர். பயணத்தில் மட்டும் பயன்படுத்துவோர் சிறியதை வாங்கலாம். நாள்தோறும் விடியலில் ஏரிக்குச் செல்லும் பெரியவர்கள் 8 × 42 வாங்கலாம்.

பன்னிரண்டு மடங்கு, இருபது மடங்கு என்று கடைக்காரர் கூறுவதில் மயங்க வேண்டாம். மடங்கு கூடினால் கைநடுக்கமும் பெரிதாகும். பார்வைப் பரப்பும் குறுகும். மூக்குக் கண்ணாடி அணிபவர்கள் அதனுடனேயே பார்த்துச் சோதிக்க வேண்டும். நிழலில் உள்ள ஒரு பெயர்ப்பலகையைப் பாருங்கள். எழுத்து இரட்டையாகத் தெரிந்தால் அக்கருவியை வாங்காதீர்கள். பைனாகுலர் வழியே சூரியனை ஒருபோதும் பார்க்கலாகாது என்று பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

பறவையியல் மேதை சாலிம் அலீ (1896–1987) சிறுவராயிருந்தபோது, தாம் சுட்டு வீழ்த்திய குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் கண்டு வியந்தார். அது எவ்வினம் என்றறிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அதனை எடுத்துச் சென்றார். அவருடைய வாழ்நாள் ஆய்வுக்கு அதுவே தொடக்கமாயிற்று. அந்த மஞ்சள் நிறத்தை, குருவிக்கு எத்தீங்கும் நேராமல் இன்று நம் பிள்ளைகள் கண்டுகொள்ளலாம். சகோதரி தம் மகளையும் கடைக்கு அழைத்துச் சென்று, அவள் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் செய்து வாங்குவாராக.