கடைசல் பட்டறைக்கு வரவேண்டிய மாக்கல்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகளில் லேத் இயந்திரத்தின் முன் நின்று இரும்பையும் பித்தளையையும் மயிரிழை பிசகாமல் கடைந்தெடுக்கும் கைகளின் திறமையை, அவை ஆக்கித் தரும் மோட்டார் உதிரிபாகங்களைக் கொண்டே நாம் இதுகாறும் மதித்து வந்திருக்கிறோம். அதே திறமைக்கு சௌந்தரியத்தைப் படைக்கும் சக்தியும் உண்டென்பதையும், அதற்கு உகந்த பொருளாகிய மாக்கல் நம் மாநிலத்திலேயே கிடைக்கிறதென்பதையும் போதிய அளவு சிந்திக்கவில்லை.

சேலம், நாமக்கல் பகுதிகளில் மாக்கல்லால் ஆக்கப்படும் கல்சட்டிகள் நம் சமையலறைகளுக்குப் புதியவை அல்ல. அரிசி கழுவிய நீரை நாட்கணக்கில் ஊற்றிவைத்துப் பதமாக்கிய கல்சட்டியில், அடுப்பிலிருந்து இறக்கிய பின்னும் வத்தக்குழம்பு கொதித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்றும் பலர் இருக்கிறார்கள். வெப்பத்தை விடாது பிடித்து வைக்கும் அக்கல், நகத்தால் கீறினாலும் கோடு விழும் அளவுக்கு மென்மையானது. ஆதலால் கருங்கல் ஒருநாளும் இடங்கொடாத மெல்லிய விளிம்பையும் நுண்ணிய வளைவையும் அதில் கடைந்தெடுக்க முடியும்.

கல்லைச் சுழற்றிக் கடைவது நம் சிற்ப மரபுக்கு அந்நியமானதோ எனில், அன்று. 1117-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட பேலூர் சென்னகேசவர் ஆலயத்திலும், ஹளேபீடு ஆலயத்திலும் ஹொய்சளச் சிற்பிகள் நிறுத்திய மாக்கல் தூண்களின் வட்ட வளையங்கள் கடைசலால் உருவானவை. அவற்றின்மீது கொடியும் மணியும் செதுக்கியது உளி. இயந்திரம் கைக்கலையை அழித்துவிடும் என்று அஞ்சுவோருக்கு அத்தூண்களே சமாதானம் கூறும். கல்லைத் தட்டி, அதன் நாதத்தால் உள்விரிசலை அறிந்து விலக்குவதும், கிண்ணத்தின் வயிற்றைக் குடையும்போது சுவர் எவ்விடத்தில் மெலிந்து உடையும் என்று விரலால் உணர்வதும், தாமரை இதழைச் செதுக்குவதும் என்றென்றும் மனிதனுக்கே உரியவை.

மீண்டும் நம் பட்டறைகளுக்கு வருவோம். 1949-இல் சைக்கிள் தொழிற்சாலையும், 1964-இல் தொழிற்பேட்டையும் அம்பத்தூரில் தோன்றின. ஆவடியிலோ கவச வாகனங்களே உருவாகின்றன. இத்தனை பெரிய கைத்திறன் செல்வம் மோட்டார்த் துறையின் ஏற்றத் தாழ்வையே பெரிதும் நம்பி நிற்பது உசிதமன்று. 2019-இல் மோட்டார் விற்பனை சரிந்தபோது, உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைகளே முதலில் வாடின. மாக்கல் ஜாடியும் விளக்கும் அந்நஷ்டத்தை முழுதும் ஈடுசெய்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆயினும் ஆர்டர் குறைந்த மாதங்களில் ஓய்ந்து நிற்கும் இயந்திரத்துக்கும், அதை ஓட்டுபவருக்கும் கௌரவமான வேலையொன்று கிடைக்கும் என்பதில் ஐயமில்லை.

இதில் ஒரு விஷயம் மட்டும் அலட்சியத்துக்கு உரியதன்று. கல்தூசி நுரையீரலைக் கெடுக்கும். சில மாக்கற்களில் கல்நார் இழைகளும் கலந்திருக்கக்கூடும். ஆகவே கல்லை ஆய்வுக்கூடத்தில் பரிசோதித்தல், தூசி உறிஞ்சும் சாதனம், முகக்கவசம் ஆகிய மூன்றும் இன்றி இத்தொழிலை எவருக்கும் கற்பிக்கலாகாது. தூசி இயந்திரத்தின் சறுக்குப் பாதைகளையும் தேய்த்துவிடுமாதலால், கல்லுக்கென்று தனி லேத்தை ஒதுக்குவதே விவேகம்.

அம்பத்தூர் அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் டர்னர் பயிலும் மாணவர்களுக்கு மாக்கல் கடைசலை விருப்பப் பாடமாக்க வேண்டும். அவர்களுக்கு உளிவேலை கற்பிக்க, 1957 முதல் சிற்பக்கலையைப் போதித்துவரும் மாமல்லபுரம் அரசுக் கல்லூரியின் உதவியை நாட வேண்டும். தேர்ந்த படைப்புகளைப் பூம்புகார் நிறுவனம் நியாய விலைக்கு வாங்கி விற்க வேண்டும். நிலையங்களும் ஆசிரியர்களும் விற்பனைக் கூடங்களும் முன்னரே இருக்க, அவற்றை ஒன்றுசேர்க்கும் ஓர் அரசாணையே இப்போது தேவை. அரசு அதைத் தாமதமின்றிப் பிறப்பிக்க வேண்டும்.