உடைக்க முந்தி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்



போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது ஒரு வாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "சேர், ஒங்கக்கிட்டப் படிச்ச பொடியன்தான். ஊட்டுல சிலை வெச்சீக்கிறான். நீங்க கொஞ்சம் ஏசுங்க" என்றார். சிலை என்றதும் எனக்குத் திக்கென்றது. விசாரித்தால், உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் பொம்மைகள். வெள்ளைக்கார ரொக் பாடகர்கள். அதில் இரண்டை அவர் ஏற்கனவே காலால் மிதித்து உடைத்துவிட்டார். வாப்பாவும் மகனும் முகம் கொடுத்துப் பேசி இரண்டு மாதமாம்.

பையனை எனக்கு நன்றாகத் தெரியும். உயர்தரம் எழுதிவிட்டு கண்டி டவுனில் ஒரு போன் கடையில் வேலை செய்கிறான். தொழுகைக்கு வருகிறவன். சிகரெட் கூட இல்லை. நம் ஊர்களில் இந்த வயதுப் பிள்ளைகள் எதற்கெல்லாம் அடிமையாகிக் கிடக்கிறார்கள் என்று நான் எழுதத் தேவையில்லை.

கூப்பிட்டேன். மிஞ்சியிருந்த ஆறையும் ஒரு சப்பாத்துப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தான். ஒன்றையும் திறக்கவில்லை. அட்டையில் ஒட்டிய பிளாஸ்டிக் மூடிக்குள் அப்படியே இருக்கின்றன. "ஏன் மகன் திறக்கல்ல?" என்றேன். "தொறந்தா வெல கொறஞ்சிடும் சேர்."

பிறகு அவன் சொன்னதைக் கேட்டு நான்தான் மாணவனாகிப் போனேன். 1978 இல் அமெரிக்காவின் கென்னர் கம்பனி ஸ்டார் வோர்ஸ் படத்தின் பாத்திரங்களை மூன்றே முக்கால் அங்குல அளவில் செய்து விற்றது. கழுத்து, இரண்டு தோள், இரண்டு இடுப்பு என்று ஐந்து இடம்தான் அசையும். மேகோ என்ற இன்னொரு கம்பனி அதே வருடம் கிஸ் என்ற ரொக் குழுவின் நால்வரையும் அதைவிடப் பெரிய பொம்மைகளாக இறக்கியது. இன்று விரல் கூட மடங்குகிற பொம்மை செய்யலாம். ஆனாலும் சன் பிரான்சிஸ்கோவில் உள்ள சுப்பர்7 கம்பனி வேண்டுமென்றே அந்தப் பழைய கென்னர் மாதிரியில், அதே ஐந்து மூட்டுடன், ரொக் பாடகர்களைச் செய்து விற்கிறது. அங்கே ஐம்பது வயதுக்காரர்கள் தங்கள் சிறுபராயத்தைத் திரும்ப வாங்குகிறார்கள்.

எனக்கு விளங்காதது இதுதான். இவன் பிறந்தது 2000க்குப் பிறகு. கென்னர் பொம்மையை இவனும் கண்டதில்லை, இவனுடைய வாப்பாவும் கண்டதில்லை. நமக்குப் பெரஹெர காலத்தில் வீதியோரத்தில் விற்கும் ஊதுகுழலும் பிளாஸ்டிக் காரும்தான். யாரோ ஒருவருடைய சிறுபராயத்துக்கு இவன் ஏன் காசு கட்ட வேண்டும்? கண்டியிலேயே பெரனொய்ட் எர்த்லிங் என்று ஒரு ரொக் குழு இருக்கிறது, கேட்டிருக்கிறாயா என்றேன். தலையைச் சொறிந்தான். அந்த இடத்தில்தான் கொஞ்சம் ஏசினேன்.

காசையும் பேசினோம். நான் கணிதம் படிப்பிக்கிறவன், கணக்கை விட மாட்டேன். ஒன்று 20 டொலர் அளவில். 2022 இல் ஒரே வருடத்துக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போனதை நாம் எல்லோரும் அனுபவித்தோம். இன்று 300 என்று வைத்தாலும் ஒன்று 6000 ரூபா. எட்டுக்கு 48,000. தபால் கூலியும் சுங்க வரியும் வேறு. அவன் உழைத்த காசுதான், கடன் இல்லை. ஆனாலும் வீட்டில் தங்கச்சி ஒன்று டியூஷன் போகிறது. அதைச் சொன்னபோது தலை குனிந்தான்.

மார்க்க விடயத்தில் நான் வாய் வைக்கவில்லை. உருவங்களைப் பற்றிக் கண்டிப்பான ஹதீஸ்கள் இருக்கின்றன. ஆயிஷா (ரழி) அவர்களிடம் விளையாட்டுப் பொம்மைகள் இருந்ததும், அவற்றில் சிறகு வைத்த குதிரையைப் பார்த்து நபி (ஸல்) அவர்கள் சிரித்ததும் அபூதாவூதில் இருக்கிறது. அந்தச் சலுகை இருபது வயதுப் பையனின் அலுமாரி வரைக்கும் வருமா, இசையின் சட்டம் என்ன என்பதை மௌலவிமாரிடம் கேட்டுக்கொள்ளட்டும். கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். மிதித்து உடைத்தவரும் ஒரு மௌலவியிடம் கேட்டுவிட்டு மிதிக்கவில்லையே.

உடைந்ததில் ஒன்று எடி. அது ஆள் அல்ல. அயன் மெய்டன் குழுவுக்காக டெரெக் ரிக்ஸ் என்ற ஓவியர் வரைந்த, 1980 இலிருந்து அவர்களுடைய இசைத்தட்டு அட்டைகளில் வரும் பிணமுக உருவம். பார்த்தால் எனக்கும் பிடிக்கவில்லை. வாப்பா பேய் என்று பயந்ததில் குற்றம் சொல்ல மாட்டேன். மற்றது மோட்டர்ஹெட் குழுவின் பாடகர் லெமி. 2015 டிசம்பரில் மௌத்தானவர்.

2015 என்றதும் நான் சிரித்துவிட்டேன். எங்கள் நாகூர் ஹனிபாவும் அதே வருடம் ஏப்ரலில்தான் போனார். அவருடைய கசெட்டுகள் நாற்பதுக்கு மேல் என் அலுமாரியில் இருக்கின்றன. போட்டுக் கேட்க ரெக்கோடர் கிடையாது, அது பழுதாகிப் பத்து வருடம். பாட்டு வேண்டுமானால் போனில் கேட்கிறேன். ஆனாலும் ஒரு கசெட்டை யாராவது மிதித்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

பெற்றோரிடம் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. வீட்டுக்குள் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல், உடைத்துவிட்டு, மீதியை சேரும் மௌலவியும் பார்த்துக்கொள்ளட்டும் என்று பள்ளிவாசல் வாசலில் நிற்கிறோம். "என்ன மகன் இது? எவ்வளவு? ஏன் பிடிக்கும்?" இதைக் கேட்க ஐந்து நிமிடம் போதும். பதில் பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்லும் உரிமை வாப்பாவுக்கு உண்டு. மிதித்த பிறகு சொன்னால் எந்தப் பிள்ளைக்குக் காது கேட்கும்?

அவரிடம் இதை நேரே சொன்னேன். முதலில் முகம் சிவந்தது. பிறகு, "ரெண்டும் சேத்து பன்னெண்டாயிரமா சேர்?" என்று கேட்டார்.

இன்னொரு பார்சல் வந்து தபாற் கந்தோரில் கிடக்கிறதாம். வரி கட்டி எடுக்க வேண்டும். எடுப்பதா, திருப்பி அனுப்புவதா என்று இந்தச் சனிக்கிழமை வாப்பாவும் மகனும் ஒன்றாக உட்கார்ந்து பேசப்போகிறார்கள். என்னையும் வரச் சொன்னார்கள். நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.